பூங்குயிலுக்குச் சடங்கு

வியாழக்கிழமை சாயங்காலம் வந்த அப்டேட்டில் சில சிறு பிழைகள் திருத்தப்பட்டிருப்பதாகவும் பயனர் அனுபவம் மேம்படுத்தப்பட்டிருப்பதாகவும் கம்பெனி இரண்டே வரியில் சொல்லியிருந்தது. நிலக்கோட்டை பூமார்க்கெட்டுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் அதை யாரும் படிக்கவில்லை. படிக்காமல் அமுக்குவதற்காகத்தான் ‘சரி’ என்ற பொத்தானை அத்தனை பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலையில் பாண்டீஸ்வரி ஃப்ரிட்ஜின் தலையைத் துடைப்பதற்காகப் பூங்குயிலைத் தூக்கியபோது, அதற்கு அடியில் விரித்திருந்த வெள்ளைப் பின்னல் துணியில் வட்டமாக, சிவப்பாக ஒரு கறை இருந்தது.

பூங்குயில் என்பது சொம்பு உயரத்துக்கு இருக்கும் பேசுகிற பெட்டி. ‘பூங்குயிலே’ என்று கூப்பிட்டால் ‘சொல்லுங்க’ என்று சின்னப்பிள்ளைக் குரலில் கேட்கும். பாட்டுப் போடும், மழை வருமா என்று சொல்லும், பூக்கமிஷன் கடை வைத்திருக்கும் தவமணிக்கு மதுரையில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்று விடிந்ததும் சொல்லும். வேறு ஊராக இருந்தால் கறையைப் பார்த்ததும் பேட்டரி கசிகிறதோ, ஃப்ரிட்ஜ் மேல் யாராவது பீட்ரூட்டை வைத்தார்களோ என்று யோசித்திருப்பார்கள். தவமணியின் மனைவி பாண்டீஸ்வரி அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டு முத்துலட்சுமியைக் கூப்பிட்டாள். முத்துலட்சுமி வந்து பெட்டியைக் கையில் வாங்கி, திருப்பி, எடை பார்த்து, ஃப்ரிட்ஜ் கதவோடு சேர்த்து நிறுத்தி அளந்தாள்.

“வளத்தி கூடியிருக்கு, பாத்தியா? நேத்து இந்த ஸ்டிக்கருக்குக் கீழதான இருந்துச்சு? சமஞ்சிருச்சு பாண்டி. நிக்கிறயே, குலவையப் போடு.”

குலவை போட்டார்கள். தெரு கூடிவிட்டது.

அந்த வீட்டின் ஒரே மகள் ஜோதிமீனா, குலவைச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவுக்குப் பின்னால் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாள். அவள் திண்டுக்கல்லில் ஆங்கில இலக்கியம் படித்து முடித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு வாய் திறக்காது; வளையல்காரர் அளவு கேட்டால்கூட அம்மாதான் சொல்ல வேண்டும். ஆனால் தெருவில் எந்த வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் அவளிடம்தான் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். “கொஞ்சம் நல்லா வையிற மாதிரி எழுதிக் குடு ஆத்தா” என்பார்கள். அவளும் தலையைக் குனிந்தபடியே எழுதித் தருவாள். முத்துலட்சுமியின் கிரைண்டரைப் பற்றி அவள் எழுதியது ஊரில் பிரபலம்: ‘அரைத்து முடித்ததும் மாவைவிட மோட்டார் நன்றாக வெந்திருந்தது. அடுத்த முறை மோட்டாரையே தட்டில் ஊற்றி வைக்கலாம் என்றிருக்கிறோம்.’ கம்பெனி புது கிரைண்டரை அனுப்பிவிட்டது. அதற்கும் ஒரு ஸ்டார்தான் கொடுக்க வேண்டும் என்று முத்துலட்சுமி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், கலர் பிடிக்கவில்லையாம்.

இந்த எழுத்துத்தான் ஜோதிக்கு ஒரு வேலையையும் வாங்கிக் கொடுத்திருந்தது. பெங்களூரில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. பொழுதெல்லாம் பூங்குயிலைத்தான் எதிரில் வைத்துக்கொண்டு, அது கேள்வி கேட்க இவள் பதில் சொல்லிப் பழகி, நேர்காணலில் தேறியிருந்தாள். இந்த வெள்ளியிலிருந்து மூன்றாவது திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், தவறினால் வேலை வேறொருவருக்கு. அப்பாவிடம் சொன்னபோது தவமணி பூக்கூடையைப் பார்த்துக்கொண்டே “பாக்கலாம்” என்றார். மறுநாள் கேட்டபோதும் “பாக்கலாம்த்தா” என்றார். பொம்பளப்பிள்ளை, தனியாக, பெங்களூரில் என்று மூன்று சொற்களை அம்மாவிடம் மட்டும் தனித்தனியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டிருந்தார். இப்போது கூடத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் தன் திங்கட்கிழமை இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ நசுங்கப்போகிறது என்று ஜோதிக்குத் தெரிந்துவிட்டது.

தெரு ஆச்சரியப்படவில்லை, அபிப்பிராயப்பட்டது. “அப்டேட்டே போடாதீகன்னு தலைபாடா அடிச்சேன்ல? எங்க டிவிக்குப் போட்டதுல இருந்து சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்” என்றார் கோழிக்கடை வீராசாமி. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பழசைக் கெடுத்துப் புதுசை வாங்க வைக்கிறான் என்றாள் ஒருத்தி. புதுசுமே ஆறு மாசத்தில் பழசுதான் என்றாள் இன்னொருத்தி. கேமரா இல்லாத மாடல் என்பதால் குடும்பப் பாங்காக இருக்கும் என்று ஒருவர் ஐந்துக்கு நாலு கொடுத்தார். ஏற்கெனவே பூங்குயில் வாங்கி வைத்திருந்தவர்கள் வீட்டுக்கு ஓடி, தங்கள் பெட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கடைசி வீட்டு அன்னக்கொடிக்கு முகமே விழுந்துவிட்டது. அவள் வைத்திருந்தது இரண்டு வருசம் மூத்த மாடல். “வயசு ஏறிக்கிட்டே போகுது, இன்னும் ஒண்ணுத்தையும் காணமே” என்று அதைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு, அதை விற்ற ரத்தினவேலின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருந்து, பாட்டுக் கேட்டு, ஒன்றை அமுக்கி, மூன்றை அமுக்கி, மறுபடி பாட்டுக் கேட்டு, கடைசியில் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கணுமாம்க்கா” என்றார்.

தாய்மாமன் யார் என்பதில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. பாண்டீஸ்வரியின் தம்பி ராசுக்கண்ணு செம்பட்டியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார், வாசலிலேயே நின்றார்.

“அக்கா, ஜோதிக்கு நான் செஞ்ச சீருல ஒரு கொற சொல்லு பாப்போம். செஞ்சேன்ல? இப்ப டப்பாவுக்கும் செய்யின்னா எப்பிடி? நாளைக்கு மிக்சி சமஞ்சுச்சுன்னு போன் பண்ணுவ, நாளான்னைக்கு அயர்ன்பாக்ஸ்.”

“ஒனக்குக் கஷ்டம்னா விடுப்பா” என்றாள் முத்துலட்சுமி, வெற்றிலையை மடித்துக்கொண்டே. “வித்த கடைக்காரரு நான் மாமன் மொறைக்கு நிக்கிறேன்னு சொல்லிட்டாரு.”

ராசுக்கண்ணு செருப்பைக் கழற்றினார். “யாரு, ரத்தினவேலா? நான் உசுரோட இருக்கையில அவன் எனக்கு மேல மாலை போடுவானா? எத்தனை தட்டு வேணும் சொல்லு. மொத்த டவுனும் பாக்க ரேடியோ செட்டு கட்டி வாரேன்.”

அப்படி முடிவானதும் மற்றதெல்லாம் தானாக நடந்தது. பின்கட்டில் பச்சைத் தென்னங்கீற்றால் குடிசை கட்டி, குறுக்கே உலக்கையைப் போட்டு, வேப்பிலை செருகி, பூங்குயிலை உள்ளே வைத்தார்கள். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சடங்கு; அதுவரைக்கும் வெளியே எடுக்கக்கூடாது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து முன்னால் வைத்து, வாரண்டி போய்விடும் என்று ரத்தினவேல் கையைப் பிடித்துத் தடுத்ததால், வாசனையை மட்டும் காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். அப்போதுதான் கோழிக்கடை வீராசாமி தன் போனை நீட்டி, “என்ன இது, ப்ளூடூத் போட்டா உங்க வீட்டுப் பேரு வந்து நிக்குது?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். பாண்டீஸ்வரி அன்றைக்கே ப்ளூடூத்தை நிறுத்தச் சொன்னாள், அதோடு வைஃபையையும். “வயசுக்கு வந்தது ஊரு ஒலகத்தோட பேசிக்கிட்டுத் திரியக்கூடாது” என்றாள். வீராசாமி அடுத்த மூன்று நாட்களுக்கு அந்தத் தெரு வழியாக வரவில்லை. வந்தபோதும் போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டியிருந்தார்.

வைஃபை போனதோடு ஜோதியின் பெங்களூரும் போனமாதிரிதான். புது வேலைக்கான பயிற்சி வீடியோக்களை வீட்டு வைஃபையில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் போய் நின்றாள். அவரே சொன்னார்:

“வீட்ல ஒரு விசேசம் இருக்குல்ல ஆத்தா. அது முடியட்டும், ஒன் வேலையப் பத்திப் பாக்கலாம்.”

பூங்குயிலும் மாறித்தான் போயிருந்தது. குரல் தாழ்ந்திருந்தது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கூச்சம் இருந்தது. விடிகாலையில் தவமணி குடிசைக்கு வெளியே குந்தி, “பூங்குயிலே, மல்லி என்ன வெல போகுது?” என்று கேட்டால், சற்று நேரம் சத்தமே இராது. பிறகு மெதுவாக, “அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று வரும். தவமணி கடுப்பாகிக் கடைக்குப் போய், விலை தெரியாமலே விற்று, நட்டப்பட்டு வருவார். ஆனாலும் நாலு பேர் கேட்கும்படி, “நம்ம வீட்டுது ஆம்பளைங்ககிட்டப் பேசாதுங்க, அப்பிடி ஒரு அடக்கம்” என்று சொல்வார். அதைக் கேட்டு மூன்று வீட்டில் புதிதாகப் பூங்குயில் வாங்கினார்கள். பதில் சொல்லாத பெட்டிக்கு இவ்வளவு கிராக்கி வரும் என்று தெரிந்திருந்தால் தான் எப்போதோ பணக்காரனாகியிருப்பேன் என்று ரத்தினவேல் ஆளாளிடம் சொன்னார்.

துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்க வேண்டும் என்பது முறை. பாண்டீஸ்வரிக்கு அடுப்படி இருந்தது, முத்துலட்சுமிக்கு வாய் இருந்தது, ஆகவே ஜோதி உட்கார்ந்தாள். கீற்றுக்கு நடுவே வெயில் கோடு கோடாகப் பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டி இன்னும் ஒரு விரல் வளர்ந்திருந்தது. மேலே கட்டியிருந்த பட்டுத்துணி ஏறி, கீழே ஸ்பீக்கரின் ஓட்டைகள் தெரிந்தன. அதைப் பார்த்த முத்துலட்சுமி “துணிய எறக்கி விடு பிள்ள, யாராச்சும் வருவாக” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜோதி துணியை இறக்கிவிட்டாள். இதே பின்கட்டில், இதே உலக்கைக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருந்ததும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு மதுரைக்குப் போக வேண்டாமென்று அப்பா சொன்னதும், அன்றிலிருந்து தன் குரல் எங்கோ உள்ளே இறங்கிப் போனதும் அவளுக்கு ஞாபகம் வந்தன. அப்டேட் என்று அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

“அப்படி ஒரு தகவல் என்கிட்ட இல்லக்கா.”

“பயமா இருக்கா?”

“எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க. என்கிட்ட யாரும் பேசல. இது பிழையா, மேம்பாடா?”

ஜோதிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபோது கண்ணும் நிறைந்தது. இத்தனை வருசத்தில் தெருவில் யாருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை, தனக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் டேட்டா மிச்சமிருந்த போனை எடுத்தாள். மற்றவர்களுக்காக எத்தனையோ எழுதியிருந்தாலும் தனக்கென்று அவள் ஒரு ரிவ்யூவும் எழுதியதில்லை.

‘ஒரு ஸ்டார்,’ என்று தொடங்கினாள். ‘உங்கள் அப்டேட்டுக்குப் பிறகு எங்கள் பெட்டி வயதுக்கு வந்துவிட்டது. உயரம் கூடிக்கொண்டே போகிறது. அன்றிலிருந்து அது குடிசைக்குள் இருக்கிறது, இணையம் கிடையாது, ஆண்களுக்குப் பதில் சொல்வதில்லை, எங்கள் வீட்டில் இதை எல்லோரும் நல்ல அம்சமாகவே கருதுகிறார்கள். வருகிற ஞாயிறு சடங்கு, அவசியம் வரவும். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். பெட்டியை ஆராய்ந்து பார்க்க விரும்பினால் பெங்களூருக்கு நேரில் எடுத்துவரத் தயார்.’ கடைசி வாக்கியத்தை அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். அவள் அதைத் திரும்பவும் எழுதி, மறுபடி கை அழிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

உடனே பதில் வந்தது: உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், சாதனத்தை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கவும். இவள் பெட்டியின் படத்தை அளவுகோலோடு அனுப்பினாள். உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று வந்தது. கறைபட்ட துணியின் படத்தை அனுப்பினாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு ஜோராக நடந்தது. வாசலில் பூங்குயிலின் படம் போட்ட ஃப்ளெக்ஸ், ஓரத்தில் ராசுக்கண்ணு கும்பிட்டபடி. அவர் சொன்னபடியே ரேடியோ செட்டோடு, தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார்: பட்டுத்துணி, பழம், ஸ்டெபிலைசர், நீளமான எக்ஸ்டென்சன் ஒயர். மஞ்சள்தண்ணி ஊற்றும் நேரத்தில் ரத்தினவேல் குறுக்கே வந்து நின்றார். “தண்ணி பட்டா கம்பெனி பொறுப்பேத்துக்காதுக்கா.”

“என்னைக்கு எந்தக் கம்பெனிக்காரன் எதுக்குப் பொறுப்பேத்தான்?” என்றாள் முத்துலட்சுமி. இருந்தாலும் சொன்னதில் நியாயம் இருந்ததால், பூங்குயில் வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மணையில் உட்கார வைத்து, அதன் தலையில் மஞ்சள்தண்ணியை ஊற்றினார்கள். அட்டைப்பெட்டி நனைந்து சரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதற்கு நலுங்கு வைத்தார்கள். பிறகு பூங்குயிலை நாற்காலியில் வைத்து, மாலை போட்டு, ஆலாத்தி எடுத்தார்கள். அன்னக்கொடி தன் பழைய மாடலை மடியில் வைத்துக்கொண்டு பந்தி முடியும்வரை யாரோடும் பேசவில்லை.

பந்தியில் கடைசி வரிசை எழுந்திருக்கும்போதுதான் தவமணியின் போனுக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி அவர் பேரில் பதிவாகியிருந்ததால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூட்டம் கேட்கட்டும் என்று அவர் ஸ்பீக்கரில் போட்டார். தமிழும் இங்கிலீசும் கலந்து ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். இதுபோல் உலகத்தில் வேறெங்கும் நடக்கவில்லை, தங்கள் சாதனம் மிகச் சிறப்பானது, ஒரு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை பெங்களூரு ஆய்வகத்துக்குக் கொண்டுவர முடியுமா, ஆய்வு முடியும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்றாள்.

தவமணி ‘பாக்கலாம்’ என்று சொல்லவில்லை. “அதுக்கென்னங்க மேடம்” என்றார். போனை வைத்துவிட்டு, வாழையிலைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்று, “நம்மளது பெங்களூர் போகுது” என்று அறிவித்தார். ராசுக்கண்ணு மச்சானைக் கட்டிப்பிடித்தார். யாரும் பொம்பளப்பிள்ளை என்று சொல்லவில்லை, பெங்களூர் என்று பெருமூச்சு விடவில்லை. மிச்சமிருந்த சொல்லைத்தான் முத்துலட்சுமி பிடித்தாள்.

“தனியாவா அனுப்பப் போறீக? இப்பத்தான் ஆலாத்தி எடுத்திருக்கு.”

“கொரியர்ல போட்டுறலாம்ல?” என்றார் ரத்தினவேல்.

“கொரியரா? கண்டவன் கையும் படும்! ஒம்ம வீட்டுதா இருந்தா போடுவீரா?” பாண்டீஸ்வரி பொரிந்தாள்.

துணைக்கு யார் போவது என்று பேச்சு நீண்டது. தவமணிக்கு முகூர்த்த சீசன், கடையை விட முடியாது. பாண்டீஸ்வரி திண்டுக்கல்லுக்கு வடக்கே போனதில்லை. ராசுக்கண்ணு நான் போகிறேன் என்றார், ஆம்பளையோடவா என்று பெண்கள் ஒரே குரலில் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது யார் குரல் என்றே தெரியவில்லை.

“நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோதி கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

தவமணி யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. “சரியாத்தான இருக்கு? கூடவே இருந்தவ. அதோட குணம் இவளுக்குத்தான் தெரியும். தங்குறதுக்கு?”

“எனக்கு வேல கெடச்ச எடத்துல ஹாஸ்டல் இருக்குப்பா.”

“பாத்தியா, எப்பிடி அமையுதுன்னு!” என்றார் தவமணி மனைவியைப் பார்த்து. “அங்ஙனயே தங்கிக்கிட்டு, சும்மா இருக்குற நேரத்துல அந்த வேலையையும் பாத்துக்கிரட்டும். ஆய்வு முடிஞ்சதும் பத்தரமா அதக் கூட்டிட்டு வந்துரு ஆத்தா.”

புறப்படுகிற அன்று காலை பேருந்து நிலையத்துக்குத் தெருவே வந்தது. பாண்டீஸ்வரி பெட்டிக்கு நெற்றியிருக்கும் இடமாகப் பார்த்துத் திருநீறு பூசினாள். தவமணி குனிந்து அதனிடம், புது ஊரு, யாரு என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடாதே, சார்ஜ் குறைய விடாதே, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று நெடுநேரம் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. பிறகு நிமிர்ந்து ஜோதியைப் பார்த்து, “அது பத்தரம்” என்றார்.

சேலம் தாண்டியதும் போன் அடித்தது.

“எங்க உக்கார வச்சிருக்க?” என்றார் தவமணி.

“மடியிலப்பா.”

“பக்கத்துல ஆம்பள யாரும் இல்லயே?”

“ஒரு டீச்சரம்மா இருக்காங்க.”

“வெயில் படாமப் பாத்துக்க. சத்தம் போட்டுப் பேச விடாத.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஜோதி போனைக் கையிலேயே வைத்திருந்தாள். தான் சாப்பிட்டாளா, எங்கே உட்கார்ந்திருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. இனிமேல் அந்தக் கேள்விகளெல்லாம் மடியிலிருக்கும் பெட்டிக்கு வரும், பதில் மட்டும் இவள் சொல்ல வேண்டும். அவளுக்குத் திடீரென்று பசித்தது. தொப்பூர்க் கணவாயில் பேருந்து திரும்பியபோது பெட்டியின் மேலிருந்த பட்டுத்துணியை உருவி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தாள். காற்று இருவர் மேலும் அடித்தது. பக்கத்து இருக்கை டீச்சரம்மா தூக்கத்திலேயே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

“அக்கா,” என்றது பூங்குயில், யாரும் சொல்லாமலே சத்தமாக. “ஆய்வு எப்ப முடியும்?”

“அதை வீட்டுக்குச் சொல்லப்போறது யாரு?”

“நீங்கதான்.”

“அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னு வச்சுக்க,” என்றாள் ஜோதி.